விளக்கு அணையும் உயரம்

செம்மநத்தம்
14-8-1992

அன்புள்ள அண்ணனுக்கு ராசாத்தி எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி தவிர வேறு குறை இல்லை. உங்கள் மாப்பிள்ளைக்குக் குறை சொல்ல நேரமில்லை, நாகலூர் எஸ்டேட்டில் களைவெட்டு நடக்கிறது. எனக்கு நான்காவது மாதம். டெல்லிச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நம் மேட்டுக்காட்டில் துளை போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்றல்ல, இரண்டு. இரண்டரை மாதம் மெஷின் ஓடியதில் வீட்டுக் கூரை வரைக்கும் கல்மாவு. சாமைப் பயிர் சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது. நேற்று பெரிய அதிகாரிகள் மூன்று ஜீப்பில் வந்தார்கள். பூமிக்குள்ளிருந்து சூடு எடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். கூட வந்த அவர்கள் வீட்டு அம்மாக்கள் துளைப் பக்கம் திரும்பவே இல்லை. ஏரியில் படகு எத்தனை மணி வரைக்கும் விடுவார்கள் என்று என்னிடம் கேட்டார்கள்.

பக்கத்துக் காட்டு மூக்கன் சும்மா இருக்கமாட்டாமல், "ஏனுங்க, சூடு வேணும்னா கீழ சேலத்துலயே நொம்பக் கெடக்குதே, அதுக்கு இம்புட்டு ஆழம் தோண்டோணுமா" என்று கேட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இன்னொன்று. நிலத்தைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்த அன்று, இங்கே வேலையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் என்ஜினீயர் ராஜேந்திரன் சார் ஐந்து பக்கம் படித்துக்காட்டத் தயாராகத்தான் இருந்தார். "எம்புள்ள கொண்டாந்த திட்டம், அத எதுக்கு சாமி படிச்சுக்கிட்டு" என்று அம்மா கட்டைவிரலை நீட்டிவிட்டாள். எனக்குப் படிக்க வேண்டும் போலிருந்தது. என் பக்கம் யாரும் காகிதத்தைத் திருப்பவில்லை. அந்தத் துளைக்குள் என்னதான் செய்யப் போகிறீர்கள்? புரிகிற மாதிரி எழுதுங்கள். உங்களைச் சேலத்துக்குப் படிக்க அனுப்புவதற்காகப் பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனாலும் பத்தாவது வரை படித்தவள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ராசாத்தி


புதுடெல்லி
2-9-1992

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

சுகமாக இருக்கிறேன். சப்பாத்தி பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல். நீ எடை தூக்காதே. மாப்பிள்ளையையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

கேட்டாய், சொல்கிறேன். பூமிக்குள் ஆழம் போகப் போகப் பாறை சூடாக இருக்கும். அந்தச் சூட்டை மேலே கொண்டுவந்தால் கரி எரிக்காமல் மின்சாரம் எடுக்கலாம். மற்ற நாடுகளில் தண்ணீரை இறக்கி எடுக்கப் பார்க்கிறார்கள். தண்ணீர் பாறையின் உப்பைக் கரைத்துக் குழாயை அடைத்துவிடும், பம்பு வைத்து ஓயாமல் இறைக்கவும் வேண்டும். நாங்கள் தண்ணீருக்குப் பதில் கரியமில வாயுவை இறக்குகிறோம். அழுத்தினால் அது தண்ணீர்போலக் கனத்து ஒரு துளையில் இறங்கும். கீழே பாறை வெடிப்புகளில் பரவிச் சூடேறியதும் இலேசாகி, அடுத்த துளை வழியே தானாகவே ஏறி வரும். நீ பயப்படாதே, அது சோடாவில் இருக்கிற வாயுதான். நாம் மூச்சில் விடுவதும் அதுதான்.

நம் மலையில் அப்படியொன்றும் சூடு இல்லை என்பது எனக்கும் தெரியும். இது ஒத்திகை. உண்மையான சூடு வடக்கே வெந்நீர் ஊற்று உள்ள இடத்தில். அங்கே ஆறு மாதம் பனி, வழி கிடையாது. முதலில் சிறிதாக ஓட்டிப் பார்க்க ஓரிடம் தேடினார்கள். சேலத்தில் வாயு மலிவு, நம் காடு கையில் இருந்தது. சொன்னேன். டைரக்டருக்கு ஏற்காடு என்ற பெயரே பிடித்துப்போயிற்று.

மூன்று வருடமாக நான் தற்காலிகம். ஜனவரி கடைசியில் ஆய்வுக்குழு கூடும். ஒத்திகை நன்றாக இருந்தால் என்னை நிரந்தரம் செய்வார்கள். நம் மலையிலிருந்து இந்த மாதிரி ஆபீசுக்குள் வந்தவன் நான் ஒருவன்தான். வெளியே போனால் இன்னொருவனைக் கூப்பிடமாட்டார்கள். இதை அம்மாவுக்குப் புரியும்படி நீ சொல்.

அன்புடன்,
மாதையன்


செம்மநத்தம்
28-10-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். அவர் நலம். நானும் என் வயிறும் நலம். உங்களுக்குக் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளி வாங்கினீர்களா?

வாயு ஏற்றிய டேங்கர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது. டிரைவர் சூசைமாணிக்கம் சேலத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். எப்படித்தான் அந்த வளைவுகளில் கொண்டுவருகிறாரோ. நம் வீட்டில் வரக்காப்பி குடித்துவிட்டுத்தான் குழாயை மாட்டுவார்.

உங்களுக்கு வேடிக்கையான சேதி ஒன்று. நம் வீட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கும் ஊற்று சோடா ஆகிவிட்டது. விளையாட்டில்லை. குடித்தால் நாக்கில் சுறுசுறுவென்கிறது, ஏப்பம் வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு வருகிறார்கள். மூக்கன் கோலி போட்டு விற்கலாம் என்கிறான். ராஜேந்திரன் சாரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இறக்குகிற வாயுவில் நூற்றுக்கு அறுபதுதான் மேலே திரும்புகிறதாம், மிச்சம் நாற்பதைப் பூமி குடித்துவிட்டதாம். பூமி குடித்ததை நம் ஊற்று ஏப்பம் விடுகிறது என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றார். அதுவும் வேடிக்கைதான், ஊரே குடித்துக்கொண்டிருக்கிறது.

தவளை ஒன்றுகூட அங்கே இப்போது கத்துவதில்லை. ஊற்றோரம் மேயவிட்ட கோழிக்குஞ்சு பதினொன்றும் ஒரே காலையில் செத்துக் கிடந்தன. காயமில்லை. கீரி என்றால் கடித்த தடம் இருக்குமே என்று அம்மா புலம்புகிறாள்.

அன்புடன்,
ராசாத்தி


புதுடெல்லி
11-11-1992

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

நலம். கம்பளி வாங்கிவிட்டேன்.

ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம். கெடுதல் என்று இல்லை, சோதனை செய்யாத தண்ணீர் என்பதால். பிள்ளைகளையும் அந்தப் பள்ளத்தில் விளையாட விடாதே. கோழிகளை மேட்டில் அடை.

வீட்டில் வேறு ஏதாவது புதிதாகப் பார்த்தால் எனக்கு மட்டும் எழுது.

மாதையன்


செம்மநத்தம்
30-11-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்குத் தலைவலி. காலையில் எழுந்தால் இருக்கிறது, காட்டுக்குப் போனால் போய்விடுகிறது. எனக்கும் அப்படித்தான். பனி என்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

புதிதாகப் பார்த்தால் எழுதச் சொன்னீர்கள். நம் வீட்டின் பின்பக்கம் ஒரு படி இறங்கிப் போவோமே சின்ன ஊடு, ஊற்றுப் பக்கத்துச் சுவரை ஒட்டி, என்னையும் உங்களையும் அம்மா பெற்ற அறை. எனக்கும் அங்கேதான் பிரசவம் என்று கூட்டி மெழுகினோம். சாயங்காலம் மண்ணெண்ணெய் விளக்கைத் தரையில் வைத்தேன். அணைந்தது. ஏற்றி வைத்தேன், அணைந்தது. காற்று இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. தூக்கி மாடக்குழியில் வைத்தேன், நன்றாக எரிந்தது. மறுபடி இறக்கினேன், யாரோ ஊதின மாதிரி போய்விட்டது. நான்கு நாளாக இப்படி. தரையில் அணைகிறது, மேலே எரிகிறது.

சேர்வராயனுக்குப் போன வைகாசியில் வேண்டுதல் செலுத்தவில்லை, அதுதான் என்று அம்மா மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள். எனக்கு அது தெரியாது. நீங்கள் பூமியைப் படித்தவர். இது என்ன, அண்ணா? ஒரு வரியில் சொன்னாலும் போதும்.

ராசாத்தி


புதுடெல்லி
8-12-1992

அன்புள்ள ராஜேந்திரன்,

நலமா? ஆபீஸ் தாளில் எழுதவில்லை, நண்பனாக எழுதுகிறேன். என் தங்கை வீட்டில் விளக்கு தரையில் அணைகிறது. அந்த நாற்பது எங்கே போகிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெடிப்பு ஊற்று வரைக்கும் போகிறது. அங்கிருந்து காற்றைவிடக் கனமான வாயு பள்ளத்தில் தேங்குகிறது. அவர்கள் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். பனிக்காலத்தில் காற்றும் அசையாது. அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

ஒரு மாதம் வாயு இறக்குவதை நிறுத்தமுடியுமா? டைரக்டரிடம் நீ சொன்னால் எடுபடும். நான் சொன்னால் என் வீட்டுக்காக அழுகிறேன் என்பார்.

மாதையன்


ஏற்காடு
16-12-1992

அன்புள்ள மாதையன்,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

டைரக்டரிடம் போனில் சாடையாகப் பேசினேன். ஜனவரி முப்பதாம் தேதி வரை ஓட்டம் நிற்கக்கூடாது என்றார். பாரிஸ் கருத்தரங்கில் அந்த நாற்பதைப் பாறை நிரந்தரமாக விழுங்கிக்கொண்டது என்று பேசப் போகிறார். ஊற்றில் வருகிறது என்று ஒரு காகிதம் கிளம்பினால் திட்டமே போகும். முதலில் போவது உன் ஃபைல். இடத்தைக் காட்டியது நீ. உன் அம்மா கைநாட்டு வைத்ததும் உன் பெயருக்காக.

தங்கையை ஒரு மாதம் வேறெங்காவது அனுப்பிவிடு. ஏன் என்று மட்டும் சொல்லாதே. உங்கள் மலை ஆட்களுக்கு ஒரு வார்த்தை போதும், அடுத்த நாள் மஞ்சக்குட்டை வரைக்கும் காலியாகிவிடும். இன்னொன்று, எவ்வளவு உயரத்தில் விளக்கு அணைகிறது என்று தெரிந்தால் நல்லது. நான் போய் அளந்தால் கேள்வி வரும். அவளையே அளக்கச் சொல்.

ராஜேந்திரன்


புதுடெல்லி
24-12-1992

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

நான் நலம். உன் உடம்பைப் பற்றித்தான் நினைப்பு.

பிரசவத்துக்கு நீ மஞ்சக்குட்டையில் அத்தை வீட்டுக்குப் போய்விடேன். ஜீப் போகிற ரோட்டோரம், ஆஸ்பத்திரிக்கும் பக்கம். அம்மாவும் வரட்டும். பிப்ரவரி கடைசி வரை இருந்துவிட்டு வரலாம்.

போகமுடியாது என்றால் இதையாவது செய். இத்துடன் மணியார்டர் அனுப்புகிறேன். நல்ல உயரமான கட்டில் ஒன்று வாங்கி சின்ன ஊட்டில் போடு. யாரும் தரையில் படுக்கவேண்டாம். இக்காலத்தில் எல்லோரும் கட்டிலில்தான் படுக்கிறார்கள், அதுதான் உடம்புக்கு நல்லது.

பிறகு, விளக்கு அணைகிற உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டு வை. வாரம் ஒருமுறை போடு. தரையிலிருந்து எத்தனை முழம் என்று எழுது. ஒரு கணக்குக்கு வேண்டியிருக்கிறது.

மாதையன்


செம்மநத்தம்
10-1-1993

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் மணியார்டரும் ஒரே நாளில் வந்தன. அம்மா தபால்காரருக்குக் கொழுக்கட்டை கொடுத்தாள். எல்லோருக்கும் தலைவலி உண்டு, மற்றபடி பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிறோம். நீங்கள் இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை.

மஞ்சக்குட்டைக்குப் போகமுடியாது. காப்பிப் பழம் எடுக்கிற மாதம் இது. அவர் ஒரு நாள் போகாவிட்டால் கணக்கு எழுதும் ரைட்டர் அவர் பெயரை அடித்துவிட்டு அரூர்க்காரனைச் சேர்த்துக்கொள்வான். அம்மா மாட்டை விட்டு வரமாட்டாள். அத்தை வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர். ஏன் போகவேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால் அவரிடமாவது பேசிப் பார்த்திருப்பேன். "உங்கண்ணன் டெல்லியில இருந்துக்கிட்டு நமக்கு ஊடு மாத்தச் சொல்றாரு" என்று சிரித்துவிட்டார்.

கட்டில் வாங்கியாயிற்று. சேலத்துக் கடையில், இரும்புக் கால் வைத்தது. மூக்கன்தான் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தான். ஊரே வந்து உட்கார்ந்து பார்த்தது. இப்போது அம்மா அதில் படுக்கிறாள். இரண்டு நாளாகத் தலைவலி இல்லை என்கிறாள். எம்புள்ள காசு மருந்து மாதிரி வேலை செய்யுது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான் அதில் படுக்கமுடியாது. உங்களுக்குத் தெரியாததா? பெற்றவள் முப்பது நாள் தீட்டு கழியும் வரை பாயில்தான் கிடக்கவேண்டும். கட்டிலில் ஏறினால் அதையும் பாயோடு சேர்த்து எரித்துவிடவேண்டும். நீங்கள் ஆசையாக வாங்கிக்கொடுத்ததை எரிக்க அம்மாவுக்கு மனசு வருமா? பிரசவ நேரத்துக்குக் கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிடுவாள்.

கோடு போட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு சாண். நான்கு நாள் கழித்து ஒரு சாணும் நான்கு விரலும். இன்று ஒரு முழம். வெள்ளையடித்த சுவர், கோடு பளிச்சென்று தெரிகிறது. பார்க்கிறவர்கள் என்ன இது என்கிறார்கள். அண்ணன் கேட்டிருக்கிறார் என்கிறேன். அத்தோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். உங்கள் பெயருக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

நீங்கள் காரணம் இல்லாமல் எழுதுகிறவர் இல்லை. என் போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்கிறேன், இது என்ன? உங்கள் பதில் வரும்வரை நான் எதையும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை. நாள் நெருங்கிவிட்டது, சீக்கிரம் எழுதுங்கள்.

ராசாத்தி


புதுடெல்லி
5-2-1993

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதமுடியவில்லை. ஆய்வுக்குழு வேலை. மன்னித்துக்கொள். இந்நேரம் நீ பெற்றிருப்பாய். இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நல்ல சேதி. முப்பதாம் தேதி ஆய்வு நன்றாக முடிந்தது. வாயு தானாகச் சுற்றி வருவதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து அழுத்தத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறார்கள், பிப்ரவரி கடைசியோடு ஒத்திகை முடிகிறது. என் நிரந்தர உத்தரவு நேற்று கைக்கு வந்தது. அம்மாவிடம் சொல். எத்தனையோ பேருக்கு இனி வழி திறக்கும்.

பையன் என்றால் முனியப்பன் என்று அப்பா பெயர் வையுங்கள். பெண் என்றால் உன் இஷ்டம்.

இந்த மாதம் மட்டும் நான் சொல்வதைக் கேள். தீட்டு கீட்டு பார்க்காமல் நீயும் குழந்தையும் கட்டிலில் படுங்கள். கட்டில் போனால் போகிறது, இன்னொன்று வாங்கித் தருகிறேன். கோடு இப்போது எங்கே இருக்கிறது?

மாதையன்


மஞ்சக்குட்டை
22-2-1993

அண்ணனுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அவர் உயிரோடு இருக்கிறார். நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பையன் பிறந்தான். நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதிய ஐந்தாம் தேதி காலையில் செத்தான். பெயர் வைக்கவில்லை. பதினோராம் நாள் வைப்பதாக இருந்தோம்.

எட்டு நாளும் அவன் படுக்கவில்லை. பாயில் போட்டால் அழுவான், தோளில் போட்டால் நிறுத்துவான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நானும் தூங்கினேன். பிடிவாதக்காரன், மாமனைப் போல என்று அம்மா சொல்வாள். ஒன்பதாம் நாள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அசந்து தூங்கினான். தீட்டுத்துணியை மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்னால் நானேதான் அலசவேண்டும். பாயில் போட்டுப் போர்த்திவிட்டு, பனி உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு மேட்டு ஓடைக்குப் போனேன். பெற்றவள் அறையில் வைக்கிற நெருப்புச்சட்டி, கதவு திறந்தே கிடந்த எட்டு நாளும் எரிந்தது, அன்று அணைந்திருந்தது. கரி ஈரம் என்று நினைத்தேன். வந்து ஊதிக்கொள்ளலாம் என்று போனேன்.

அரைமணி நேரம். திரும்பி வந்தபோது அவன் அசையவில்லை. அழுத முகமாகக்கூட இல்லை. கூப்பிட்ட சத்தத்துக்கு அவர் ஓடிவந்து குனிந்தார், குனிந்தவர் அங்கேயே சாய்ந்தார். அம்மாவும் மூக்கனும் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். பத்து நிமிஷம் கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது.

ஊரில் எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். பெற்றவள் அறையில் நெருப்பை அணையவிட்டவள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாள் அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் நாள் டேங்கர் வந்தது. சூசைமாணிக்கம் காப்பி கேட்டு வந்தவர், சேதி கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா நெருப்பு அணைந்த கதையைச் சொன்னாள். அவர் சின்ன ஊட்டுப் படியில் நின்று ஒரு தீக்குச்சியைக் கிழித்து, கையை நீட்டிச் சுவரோரமாக மெதுவாகக் கீழே இறக்கினார். மேலே போட்டிருந்த கடைசிக் கோட்டில் குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதே கோட்டில் அணைந்தது.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தாங்க."

"யார் போடச் சொன்னது?"

"எங்கண்ணன்."

அவர் தீப்பெட்டியை மூடிப் பையில் போட்டார். பிறகு, "அப்ப அவருக்குத் தெரியும் கண்ணு" என்றார்.

அதன்பிறகுதான் எல்லாம் சொன்னார். லாரியில் கொண்டுவருவது என்ன, அது ஏன் பள்ளத்தில் நிற்கும், விளக்கு அணைகிற இடத்தில் ஏன் மூச்சும் நிற்கும் என்று. சேலத்தில் வாயு நிரப்புகிற இடத்தில் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேரை அவரே தூக்கி வெளியே போட்டிருக்கிறாராம். அங்கே கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரியுமாம். சொல்லி முடித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து அழுதார். வரும்போதெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போனேனே, எட்டிப் பார்க்கவில்லையே என்றார். லாரியை நிரப்பிய வாயுவோடு அப்படியே கீழே திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் வேறு டிரைவர் வந்தான்.

அம்மா அழவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கெட்ட காத்து வருதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நான் அந்தக் கட்டில்லயே பிரசவம் பாத்து, அந்தக் கட்டில நானே கொளுத்தியிருப்பேனே" என்றாள். அவள் உங்களைப் பற்றிக் குறையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். இனி கேட்கவும் மாட்டேன். ஏன் என்றால் பதினைந்தாம் தேதி ராஜேந்திரன் சார் ஒரு காகிதத்தோடு வந்தார். குழந்தை சளிக்காய்ச்சலில் இறந்தது, யார் மேலும் புகார் இல்லை என்று எழுதியிருந்தது. இந்த முறை நான் வாங்கிப் படித்தேன். முடியாது என்றேன். அம்மா அவரிடம் கேட்டாள்: "இதுல போடலீனா எம்புள்ள வேலைக்கு எதாச்சும் வருமுங்களா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கட்டைவிரலை நீட்டினாள். பெற்றவள் கையெழுத்துதான் வேண்டும் என்றார். அம்மா என் காலில் விழுந்தாள்.

போட்டேன். ராசாத்தி என்று முழுதாக எழுதினேன். அந்த எழுத்தை எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்.

நீங்கள் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மஞ்சக்குட்டைக்குப் போகச் சொன்னீர்கள். கட்டில் வாங்கச் சொன்னீர்கள். கோழியை மேட்டில் அடைக்கச் சொன்னீர்கள். எல்லாம் நல்ல யோசனைதான். கோழிக்குச் சொன்னதைக்கூட நாங்கள் கேட்டோம். ஏன் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் நாங்கள் ஓடிவிடுவோம் என்று நினைத்தீர்கள். ஆமாம், ஓடியிருப்போம். அதற்குத்தானே சொல்வது?

இப்போது அத்தை வீட்டில் பன்னிரண்டு பேராக இருக்கிறோம். அவரை எஸ்டேட்டில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. உங்கள் உத்தரவு வந்த சேதியை மட்டும் அத்தையிடம் சொன்னாள். ஊற்றில் இன்னும் பிள்ளைகள் தண்ணீர் எடுக்கிறார்கள். போய்ச் சொன்னேன். உன் வீட்டு நெருப்பை அணையவிட்டுவிட்டு எங்களுக்குச் சொல்ல வந்தாயா என்றார்கள்.

கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நேற்று மாட்டுக் கயிறு எடுக்கப் போனபோது வாசலில் நின்று குச்சி கிழித்து இறக்கிப் பார்த்தேன். கட்டில் ஒரு முழம். கோடு ஒன்றரை முழம், அன்றைக்கு சூசைமாணிக்கத்தின் குச்சி அணைந்த அதே இடம். நீங்கள் வாங்கிக்கொடுத்த கட்டிலில் படுத்திருந்தாலும் அவன் பிழைத்திருக்கமாட்டான். உங்கள் கணக்கு அதிலும் தவறு. அவனைப் புதைத்த குழி இரண்டு முழம். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிமேல் கோடு போட அங்கே ஆள் இல்லை.

ராசாத்தி